நூதனசாலைப் பணியும் பட்டமேற்கல்வியும்

பழம்பொருள்களைப் பேணும் மனைக்கு ஈழத்துத் தமிழர் வழங்கும் பெயர் நூதனசாலை என்பது. நூதனம் என்னும் சொல் புதுமையையும் விந்தையையும் குறிக்கும். பழமைக்கு உறைவிடமான ஒன்று புதுமையின் பெயரால் அழைக்கப்படுதல் முரணெனத் தோன்றலாம். ஆயினும் அப்பெயர் பிறந்த காலத்து மக்கள் அம்மனையை எவ்வாறு நோக்கினர் என்பதை அது செவ்வனே உணர்த்துகின்றது. கண்டறியாதனவற்றைக் கண்டு வியத்தற்குரிய இடமாகவே அது கருதப்பட்டது. சென்னை எழும்பூரிலுள்ள நூதனசாலையை அந்நகரத்துப் பொதுமக்கள் நெடுங்காலம் 'செத்த காலேஜ்' என்றே வழங்கினர். அதன் வளவில் 1855ஆம் ஆண்டு தொடங்கிப் பின்னர் வேறிடம் பெயர்ந்த விலங்குக் காட்சி 'உயிர் காலேஜ்' ஆயிற்று. நகைப்புக்கிடமான பெயர்களேயெனினும், எழுத்தறியாத மக்களும் அதனைக் 'காலேஜ்' என்றே எண்ணினர் என்பது ஈண்டுக் கருதத்தக்கது. விந்தைப் பொருள்களின் பண்டசாலைக்கு ஒரு காவலாளி போதும். கல்விச்சாலை ஒன்றுக்கோ அதற்கெனக் கற்றவர் வேண்டும். நூதனசாலை இவ்விரண்டனுள் எது என்பதை ஆட்சியாளரும் அறிஞரும் தெளிவதற்கு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு சென்றது.

சென்னை நூதனசாலை நிறுவப்பெற்றது 1851இல். அதன் பொறுப்பை முதலில் ஏற்ற எட்வேட் பல்பர் ஒரு படைவைத்தியர். 1885இல் தலைமை எய்திய எட்கார் தேர்ஸ்டனும் வைத்தியக் கல்வி பெற்றவரே. 1920இல் அப்பதவிக்கு வந்த கிரேவ்லி விலங்கியலறிஞர். தத்தம் துறையில் இவர்கள் பெரியோர் என்பதில் ஐயமில்லை. தென்னிந்தியாவின் சாதிகளையும் குடிகளையும் பற்றித் தேர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட ஏழு தொகுதிகள் இன்றும் ஆராய்ச்சியாளர் கையிலுள்ளன. எனினும், பாம்பையும் பறவையையும் பதப்படுத்தக் கற்ற கைகளிலேயே கற்சிற்பமும் செப்புத்திருமேனியும் பழங்காசும் ஒப்படைக்கப்பட்டன. இவை ஒவ்வொன்றும் வெவ்வேறு பேணல் முறையை வேண்டுவன என்பதை இழப்புகளே கற்பித்தன.

அமராவதிச் சிற்பங்களின் கதை இதற்குத் தக்க சான்றாகும். கிருஷ்ணா நதிக்கரையிலுள்ள அமராவதியில் இடிந்து கிடந்த பௌத்த தூபியை 1845ஆம் ஆண்டு வால்ற்றர் எலியட் அகழ்வித்துச் சிற்பக் கற்களைச் சென்னைக்கு அனுப்பினார். அங்கே அவை சில ஆண்டுகள் வெயிலிலும் மழையிலும் திறந்தவெளியிலே கிடந்தன. 1859இல் அவற்றுள் பெரும்பகுதி இலண்டனுக்குக் கப்பலேற்றப்பட்டது. எந்தக் கல் தூபியின் எப்பக்கத்தில், எவ்வளவு ஆழத்தில், எக்கல்லின் அருகே கிடந்தது என்பதைக் காட்டும் முறையான அகழ்வுப் பதிவு எஞ்சவில்லை. பின்வந்த அறிஞர் அக்கற்களின் அளவையும் செதுக்கு முறையையும் ஒப்புநோக்கியே அவற்றின் இடங்களை ஊகிக்க வேண்டியவராயினர். எலியட் பன்மொழி வல்லுநர். தென்னாட்டு நாணயங்களை ஆராய்ந்தவர். அத்தகைய கல்விமானுக்கும் அகழ்ந்தெடுத்த பொருளைவிட அது கிடந்த இடத்தின் குறிப்பு விலையுயர்ந்தது என்பது தோன்றவில்லை.

சென்னையில் எஞ்சிய கற்களுக்கு மற்றொரு கேடு நேர்ந்தது. அவை நிலைத்து நிற்கவேண்டும் என்னும் நல்லெண்ணத்தாற் சுவரிலே சீமெந்திட்டுப் பதிக்கப்பட்டன. சீமெந்திலும் சுவரிலுமுள்ள உப்பு ஈரத்தோடு கலந்து சுண்ணக்கல்லினுட் புகுந்து, காயுங்காலத்து மேற்பரப்பைப் பொரியச் செய்தது. வேட்டுவனிடமிருந்தும் கொள்ளையரிடமிருந்தும் தப்பிய கல், தன்னைக் காத்தவர் கையால் நலிந்தது. கற்பவன் இந்நிகழ்ச்சியை ஒருமுறை கேட்டாற் போதும். சுவரில் எதனையும் பதிக்குமுன் பலமுறை சிந்திப்பான்.

இத்தகைய பட்டறிவின் பயனாகவே 1930இல் சென்னை நூதனசாலையில் இரசாயனப் பேணற்கூடம் ஒன்று தொடங்கப்பெற்றது. அதனை வளர்த்தவர் எஸ். பரமசிவன் என்னும் இரசாயன அறிஞர். மண்ணிற் புதைந்து கிடந்த செப்புத்திருமேனிகளில் உப்பின் கூறான குளோரைட்டு தங்கிவிடும். ஈரக்காற்றுப் படுந்தோறும் அது உலோகத்தை அரித்து வெளிறிய பச்சைத் தூளாக உதிர்க்கும். புளியும் சாம்பலும் இட்டுத் துலக்கினால் திருமேனி பளபளக்கும். உள்ளிருக்கும் நோய் நீங்காது, நுண்ணிய வேலைப்பாடும் தேய்ந்தொழியும். திருமேனியை எரிசோடாக் கரைசலில் அமிழ்த்தி மின்னோட்டத்தின் எதிர்முனையாக அமைத்தால் குளோரைட்டு படிப்படியாக வெளியேறும் என்னும் முறையை அக்கூடம் கையாண்டது. அதே காலத்தில், 1932ஆம் ஆண்டு, கிரேவ்லியும் டி. என். இராமச்சந்திரனும் அந்நூதனசாலையின் இந்துசமயச் செப்புத்திருமேனிகளுக்கு ஒரு விரிவான விவரணப் பட்டியலை வெளியிட்டனர். விலங்கியலறிஞரொருவர் சிற்பக்கலையறிஞரோடு ஒருங்கமர்ந்து அந்நூலை ஆக்கியமை, நூதனசாலைப் பணி ஒரு துறைக்குள் அடங்காத கல்வி என்பதைக் காட்டிற்று. 1940இல் தலைமை ஏற்ற மானிடவியலறிஞர் ஏ. ஐயப்பனும் அவருக்குப் பின்வந்த எஸ். டி. சத்தியமூர்த்தியும் 1960இல் வெளியிட்ட நூதனசாலை நுட்பக் கைந்நூல், அதுவரை வாய்மொழியாகவே வழங்கிவந்த தொழிலறிவை எழுத்தில் வடித்தது.

ஈழத்தின் வரலாறும் இதனோடு ஒத்ததே. தேசாதிபதி சேர் வில்லியம் கிரகரியின் முயற்சியால், அரசாங்கக் கட்டடக்கலைஞர் ஸ்மிதர் வரைந்த படத்தின்படி வாப்பிச்சி மரைக்கார் கட்டிய கொழும்பு நூதனசாலை 1877ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதி திறந்துவைக்கப்பட்டது. ஹேலி, வில்லி, பியர்சன் என அதன் பணிப்பாளராக வந்தோர் உயிரியல் கற்றோரே. வில்லி 1903இல் தொடக்கிய 'ஸ்போலியா செய்லானிக்கா' என்னும் ஆய்விதழ் உயிரியல் உலகிற் பெயர்பெற்றது. 1939இல் முதல் இலங்கையராகப் பணிப்பாளர் பதவி எய்திய பீ. ஈ. பீ. தெரணியகலவும் விலங்கியலிலும் தொல்லுயிரியலிலும் வல்லவர். 1942ஆம் ஆண்டின் தேசிய நூதனசாலைகள் கட்டளைச் சட்டத்தாற் கொழும்புக்கு வெளியேயும் நூதனசாலைகள் அமைவதற்கு வழி பிறந்தது. மனைகள் பெருகின; அவற்றை நடத்துவோரைப் பயிற்றும் கல்வி அவற்றோடு பெருகவில்லை.

கொழும்பு நூதனசாலை திறந்த அதே 1877ஆம் ஆண்டில் அந்நகரிலே பிறந்தவர் ஆனந்த குமாரசுவாமி. சேர் முத்துக் குமாரசுவாமியின் புதல்வரான இவர் புவியியற் கனிப்பொருளாராய்ச்சியிற் பட்டம் பெற்று, இலங்கைக் கனிப்பொருளாய்வின் பணிப்பாளராக 1903 முதல் 1906 வரை கடமையாற்றினார். ஊரூராகக் கல் தேடிச் சென்றவர் கம்மியரையும் நெசவாளரையும் ஓவியரையும் கண்டார். 1908இல் மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய பெருநூல் வெளிவந்தது. தாம் திரட்டிய இந்திய ஓவியங்களை, காசியில் தேசிய நூதனசாலை ஒன்று அமைப்பின் வழங்குவதாக அவர் முன்வந்தார். அதனை ஏற்பார் இலர். 1917இல் அவரும் அச்செல்வமும் அமெரிக்காவின் பொஸ்ரன் நுண்கலை நூதனசாலையைச் சென்றடைந்தனர். 1947இல் மறையும் வரை அவர் அங்கேயே பணிபுரிந்தார்.

நூதனசாலைப் பயிற்சி யாதும் பெறாத குமாரசுவாமி அத்துறையில் உலகப்புகழ் எய்தினாரன்றோ, அவ்வாறாயின் தனிப்பட்ட கல்வி எற்றுக்கு என்று வினவுவோர் உளர். வினா நேர்மையானதே. குமாரசுவாமி கனிப்பொருளாய்விற் கற்ற ஒழுங்கையே கலைப்பொருளுக்கும் பயன்படுத்தினார் என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். கல்லொன்றை எடுத்தவிடத்தே எடுத்த இடமும் படுகையும் குறித்துக்கொள்ளாத புவியியலாளன் இல்லை. மேலும், தன்னைத்தானே பயிற்றிக்கொள்ளும் பேரறிஞர் ஒரு நூற்றாண்டுக்கு ஒருவரோ இருவரோ தோன்றுவர். மாவட்டந்தோறும் தோன்றுவார் என எதிர்பார்த்தல் அறிவுடைமையாகாது. குமாரசுவாமி கலைப்பொருள்களைக் காட்சிக்கு வைப்பதேன் என்னும் வினாவையே தலைப்பாகக் கொண்டு 1943இல் ஒரு நூல் வெளியிட்டார். காட்சிக்கென எப்பொருளும் ஆக்கப்படுவதில்லை, வாழ்க்கையில் ஒரு பயன் கருதியே ஆக்கப்படுகின்றது, அப்பயனை உணர்த்தாத காட்சி வெறும் வேடிக்கை என்பது அவர் கருத்து. வேறெவரும் அத்துணைத் தெளிவாக அதனைக் கூறினாரில்லை.

மேலைநாட்டில் இக்கல்வி முன்னரே தொடங்கிவிட்டது. பாரிசில் லூவர்க் கல்லூரி 1882இல் நிறுவப்பட்டது. அமெரிக்க ஹாவார்ட் சர்வகலாசாலையில் போல் சாக்ஸ் என்பவர் 1921இல் தொடக்கிய நூதனசாலை வகுப்புப் பெரிதும் பேசப்பட்டது. சாக்ஸ் முன்னர் வங்கித்தொழில் புரிந்தவர். பொருளைக் கையிலெடுத்து நோக்கப் பழக்கியதோடு, விலைக்கு வாங்குதல், வரவு செலவு, கொடையாளரோடு பழகுதல் என்பனவற்றையும் அவர் பாடமாக்கினார். அவருடைய மாணவர் அல்பிரட் பார் 1929இல் நியூயோர்க் நவீன கலை நூதனசாலையின் முதற் பணிப்பாளரானபோது அவருக்கு வயது 27. இங்கிலாந்தின் லெஸ்ரர் சர்வகலாசாலை 1966இலேயே இத்துறையைத் தொடங்கிற்று. அஃதாவது, இந்தியா இதனில் இங்கிலாந்துச் சர்வகலாசாலைகளுக்கு முந்திக்கொண்டது.

அவ்வாறு முந்தியது பரோடா. இந்திய நூதனசாலைகளை ஆராய்ந்து மார்க்கம், ஹார்கிறீவ்ஸ் என்னும் இருவர் 1936இல் வெளியிட்ட அறிக்கை, பயிற்சிபெற்ற முழுநேரப் பொறுப்பாளர் இன்மையைப் பெருங்குறையாகச் சுட்டிற்று. சுதந்திரத்தின் பின்னர், 1949இல் உருவான பரோடா மகாராஜா சயாஜிராவ் சர்வகலாசாலை 1952இல் நூதனசாலையியலுக்கெனத் தனித்துறை கண்டது. பட்டம் பெற்றோரே அதிற் சேர்க்கப்பட்டனர். மன்னர் சயாஜிராவ் அமைத்த நூதனசாலையும் ஓவியக்கூடமும் அந்நகரிலேயே இருந்தமையால், காலையிற் கற்றதை மாலையிற் செய்து பார்க்கும் வாய்ப்பு மாணவருக்குக் கிட்டியது. இப்பொருத்தமே பரோடாவின் வெற்றிக்குக் காரணம் எனலாம். கல்கத்தாவிலும் 1937இல் நிறுவப்பட்ட ஆசுதோஷ் நூதனசாலை சர்வகலாசாலைக்கே உரியதாயிருந்தது. 1950களின் இறுதியில் அங்கும் இத்துறை தோன்றிற்று. புதுடில்லித் தேசிய நூதனசாலையோடு இணைந்த கல்விநிறுவனம் 1989இல் பல்கலைக்கழக நிலை பெற்றது.

இவ்விடங்களிற் கற்பிக்கப்படுவது யாது? காட்சிப் பேழைகளை அழகுற அடுக்குதல் என்பதே பொதுமக்கள் எண்ணம். உண்மையில் மாணவன் முதற்கண் கற்பது வரவுப் பதிவேடு எழுதுதல். பொருள் உள்ளே வந்த அன்றே அதற்கோர் இலக்கம் இடப்படும். அவ்விலக்கம் பொருளுக்கு ஊறு செய்யாத இடத்தில், வேண்டும்போது நீக்கத்தக்க மையினால் எழுதப்படும். அதன் அளவு, ஆக்கப்பட்ட பண்டம், கிடைத்த இடம், கொடுத்தவர், வந்தபோதிருந்த நிலை, வழங்கிய பெயர் ஆகியன பதியப்படும். இலக்கம் ஒருமுறை இட்டபின் மாறுவதில்லை. பொருள் அழிந்தாலும் அவ்விலக்கம் வேறொன்றுக்குச் செல்வதில்லை. இலங்கைத் தேசிய நூதனசாலைகளின் பணிப்பாளராயிருந்த பி. எச். டி. எச். டி சில்வா, வெளிநாடுகளிலுள்ள இலங்கைப் பொருள்களின் பட்டியலை 1975இல் வெளியிட்டார். தத்தம் வரவுப் பதிவேட்டை ஒழுங்காக எழுதிவைத்த நூதனசாலைகளில் மட்டுமே அத்தகைய தேடல் பயன்தரும். நாட்டைவிட்டுப் போன பொருள் எங்குள்ளது என்பதை, அந்நாட்டு எழுதுவினைஞன் ஒருவன் எழுதிய ஒருவரிக் குறிப்பே காட்டிக்கொடுத்தது.

மட்டக்களப்பைப் பொறுத்தவரை இவ்வொருவரிக் குறிப்பின் அருமையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் பழந்தமிழரின் யாழை ஆராய்ந்து இயற்றிய 'யாழ்நூல்' 1947 யூனில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறிற்று. அடிகள் விஞ்ஞானம் கற்றவர். கணிதமும் இலக்கியமும் ஒருங்கே கைவந்தவர். பழைய யாழொன்றேனும் தமிழ்நாட்டில் எஞ்சியிருக்கவில்லை. எனவே, செய்யுள் வரிகளையும் உரைக்குறிப்புகளையும் கொண்டு அக்கருவிகளை மீண்டும் உருவாக்க வேண்டியவரானார். ஒரு முறிந்த யாழும், அதனருகே நரம்பின் அளவைக் குறித்த ஓர் ஓலைத்துண்டும் எங்கேனும் பேணப்பட்டிருப்பின் அப்பெரியாரின் எத்தனை ஆண்டுழைப்பு மிஞ்சியிருக்கும்!

இன்று வாவிக்கரை ஊர்களில் அதே நிலையை எய்திக்கொண்டிருக்கும் பொருள்கள் பல. மீன்பிடிக்கப் பயன்படும் கரப்பினை எடுத்துக்கொள்வோம். அடியகன்று நுனி சிறுத்துப் பின்னப்பட்ட கூடை அது. கலங்கிய ஆழமற்ற நீரில் மீனிருக்கும் இடம் நோக்கிக் கவிழ்த்து, மேல்வாயிற் கைவிட்டு மீனை எடுப்பர். கோழிகளைக் கவிழ்த்து மூடும் கூடையும் கரப்பெனவே பெயர்பெறும். இனி, வடமோடிக் கூத்தில் அரசராக வருவோர் அணியும் உடை கரப்புடுப்பு எனப்படும். இடுப்பைச் சுற்றி வட்டமாக விரிந்து நிற்கும் அவ்வுடுப்பின் வடிவே அப்பெயரைத் தந்தது. தென்மோடிக்கு உரியது வேறு உடுப்பு. கரப்பை மீன்பிடி அறையிலும் கரப்புடுப்பைக் கலை அறையிலும் வைத்துவிட்டு, ஒன்றன் பதிவில் மற்றொன்றன் இலக்கத்தைக் குறியாதவன் மட்டக்களப்பு மக்களின் வாழ்வுக்கும் கலைக்கும் இடையிலிருந்த ஓர் இழையை அறுத்தவனாவான். அவ்விழையை அறிந்திருப்பவர் அண்ணாவியாரும் கூடை பின்னும் முதியவருமே. பொருளைப் பத்தாண்டு கழித்தும் தேடியெடுக்கலாம். அவர்கள் சொல்லும் பெயரை அவ்வாறு எடுத்தல் இயலாது. நெற்களத்தில் சூடு மிதிக்குங்காலத்து மட்டும் வழங்கிய தனிச்சொற்களும், அவணம், மரைக்கால் என்னும் அளவைகளும் உழவுப்பொறி வந்தபின் இளைஞர் நாவினின்று நீங்கி வருகின்றன. பண்டிதர் வி. சீ. கந்தையா 1964இல் 'மட்டக்களப்புத் தமிழகம்' என்னும் நூலில் இந்நாட்டு மரபுகளைத் தொகுத்துவைத்திராவிடின், இன்று வினவுவதற்கும் சொற்கள் இரா. ஒரு நூதனசாலை செய்யவேண்டியதைத் தனியொருவர் எழுதுகோலாற் செய்தார்.

கோவிற் பொருள்கள் வேறொரு வகையின. கண்ணகி அம்மன் கோவில்களிற் பேணப்படும் சிலம்பு முதலியன வழிபாட்டுக்குரியன. சடங்குக் காலத்தன்றி வெளிவருவனவல்ல. அவற்றைப் பெயர்த்துக் கண்ணாடிப் பேழையில் வைக்க நினைப்பவன் நூதனசாலைப் பணிக்குத் தகுதியற்றவன். கோவிலார் இசைந்தால் அளவும் விவரமும் குறித்துக்கொண்டு, பொருளை அதன் இடத்திலேயே விட்டுவருதல் முறை. அவர்கள் இசையாவிடின் அதுவும் பதிவேட்டில் மரியாதையோடு குறிக்கத்தக்க ஒரு செய்தியே. இந்த நுண்மையைப் புத்தகம் மட்டும் கற்பிக்காது. ஊர்மொழியும் ஊர்வழக்கும் அறிந்த மாணவனுக்கே அது எளிதில் வரும்.

இயற்கையும் இங்குப் பகையாய் நிற்கின்றது. கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட நிலத்தில் உப்புக்காற்று ஓயாது. மாரியில் ஏடுகள் பூஞ்சணம் பிடிக்கும்; கோடையில் முறியும்; எக்காலத்தும் செல்லுப்பூச்சி துளைக்கும். ஏட்டுக்கு எண்ணெய் தடவியும் வசம்பு வைத்தும் காத்த முன்னோர் முறை பொருளற்றதன்று. அதனை எந்த ஏட்டுக்கு எவ்வளவு செய்யலாம் என்று அளந்தறிதல் இரசாயனம் கற்றவன் கடமை. 1978 நவம்பரிற் சூறாவளியும் 2004 டிசம்பரில் ஆழிப்பேரலையும் இம்மாவட்டத்தைத் தாக்கின. இடையிலே நெடிய போர்க்காலமும் கழிந்தது. வீடிழந்தோர் உயிரைக் காத்துக்கொண்டு ஓடுகையில் ஏட்டுப் பெட்டியைத் தூக்குவர் என எதிர்பார்த்தல் கொடுமை. ஆனால் அப்பெட்டியிலிருந்தவற்றின் பட்டியலும் படமும் முன்னரே வேறோரிடத்திற் பாதுகாக்கப்பட்டிருத்தல் கூடுமன்றோ?

இலங்கையில் இத்துறைக்கு வழியே இல்லை எனல் பொருந்தாது. களனிப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்து 1986இல் அமைந்த தொல்லியற் பட்டமேற்கல்வி நிறுவகம் கொழும்பில் இயங்குகின்றது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வரலாற்றுத்துறையும் தொல்பொருட் சேர்க்கையொன்றைப் பேணி வளர்த்துள்ளது. ஆயின் கிழக்கு மாகாணத்துப் பட்டதாரி, தன் ஊர்ப்பொருளைப் பேணும் கலையைத் தன் ஊரிலிருந்து நெடுந்தொலைவு சென்றே கற்க வேண்டியிருக்கின்றது. தொழில் பெறுவோமோ என்னும் அச்சமும் அவனைத் தடுக்கின்றது. இவ்வச்சம் நியாயமானதே. நூதனசாலைப் பதவிகள் ஆசிரியப் பதவிகள்போல் ஊர்தோறும் இல்லை. எனினும் பயிற்சியுடையோர் இன்மையாற் பதவி அமைவதில்லை, பதவி இன்மையாற் பயிற்சி பெறுவோர் இல்லை என்னும் இச்சுழலைப் பரோடா உடைத்த விதம் நோக்கத்தக்கது. அங்கு முதலில் வந்தது கல்வியே.

செங்கலடியில் பதுளை வீதி வந்து சேரும் சந்தியிலிருந்து வடக்கே சிறிது தூரத்தில் வந்தாறுமூலை உள்ளது. 1981இல் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986இற் கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்த நிறுவனம் அங்கே அமைந்துள்ளது. செப்பின் நோயறிய இரசாயனம் வேண்டும்; விஞ்ஞானபீடம் உண்டு. மரத்தையும் ஏட்டையும் அரிக்கும் பூச்சியை அறிய உயிரியலும் விவசாயமும் வேண்டும், அவையும் உண்டு. வரலாறும் தமிழும் கலைபீடத்தில் உள்ளன. கூத்தும் இசையும் ஓவியமும் கற்பிக்கும் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் கல்லடியில் அப்பல்கலைக்கழகத்தோடு இணைந்துள்ளது. பரோடாவில் ஒருங்கு கூடிய உறுப்புகளில் நூதனசாலை ஒன்று நீங்கலாக ஏனையவெல்லாம் இங்கு முன்னரே கூடியுள்ளன. ஓராண்டுப் பட்டமேற் பயிற்சியொன்று இங்குத் தொடங்குமாயின் அதன் முதல் மாணவர் பேழைக்கும் மண்டபத்துக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. வரவுப் பதிவேடு ஒன்றும், அளவுநாடா ஒன்றும், அழிக்கத்தக்க மையும் போதும். சித்தாண்டியிலும் ஏறாவூரிலும் வாழைச்சேனையிலும் முதியோர் திண்ணையில் அமர்ந்து, முதலாம் இலக்கத்தின் கீழ்க் கரப்பொன்றன் அளவையும், அதனைப் பின்னியவர் பெயரையும், அதன் உறுப்புகளுக்கு அவர் வழங்கும் சொற்களையும், அவர் அவற்றைச் சொன்ன திகதியையும் எழுதத் தொடங்கலாம்.